மதாம் நான்சி சொன்னதும் நான் சொன்னதும்

1

மீன்கடையைத் தாண்டும்போது, நான் போட்டுவிட்டு வந்த பாட்டு சரணத்துக்கு வந்திருந்தது. பக்கத்துப் புடைவைக் கடையில் அதே பாட்டு இன்னும் பல்லவியின் கடைசி வரியில் நின்றது. அடுத்த சலூனில் சரணத்தின் இரண்டாவது வரி. எங்களுடையது இணைய வானொலி. ஒவ்வொரு கடைக்கும் சில வினாடிகள் முன்னே பின்னே வந்து சேரும். பாரிஸ் லாச்சப்பலில் சனிக்கிழமைப் பின்னேரம் தமிழ்க் கடைகள் பலவற்றில் அதைத்தான் போட்டு வைத்திருப்பார்கள். ஆகவே எவ்வளவு வேகமாக நடந்தாலும் அந்தப் பாட்டைக் கடந்து போக முடியவில்லை.

மீன்கடைத் தம்பி கையில் கத்தியோடு எட்டிப் பார்த்தான்.

“என்ன அண்ணை, நிகழ்ச்சி நடக்குது. நீங்கள் ரோட்டில நிக்கிறியள்?”

“தண்ணிப் போத்தில் ஒண்டு வாங்க வந்தனான்.”

“இஞ்சை இருக்கு, எடுங்கோவன்.”

“இல்லை, அங்கால வாங்கிறன்.”

அங்கால தண்ணீர் விற்கிற கடைகள் எத்தனையோ இருந்தன. எல்லாவற்றையும் தாண்டி நடந்தேன். கழுத்தில் ஹெட்போன் தொங்கியபடியே இருந்தது. பிடுங்கிக்கொண்டு வந்த வயர் முழங்காலில் தட்டித் தட்டி ஆடியது.

நான் விட்டுவிட்டு வந்தது ஒரு மளிகைக் கடையின் நிலவறையில் உள்ள ஸ்டூடியோவை. அங்கே ஒலிவாங்கிக்கு முன்னால், தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு கனடாக்காரி கதிரையில் இருந்தார். அன்றைய விருந்தினர் அவர்தான். நான்தான் கையைப் பிடித்து அந்தச் செங்குத்தான படிகளில் இறக்கிக் கூட்டிக்கொண்டு போனேன். நேரடி ஒலிபரப்பின் நடுவில் ஒரு பாட்டைத் தட்டிவிட்டு, அவரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன்.

மெற்றோப் பாலத்தின் கீழ் வந்தபோது பாட்டு முடிந்தது. பாட்டு முடிந்தால் அறிவிப்பாளர் பேசவேண்டும். பேச ஆள் இல்லை. ஒரு கடை மௌனமானது, பிறகு அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. கொத்துரொட்டிக் கடை வாசலில் நின்றவர் தன் கைத்தொலைபேசியைத் தட்டிப் பார்த்தார்.

“நெட் போயிட்டுதோ?” என்று உள்ளே இருந்து யாரோ கேட்டார்கள்.

அப்போது ஒரு வயதான பெண் குரல் பாடத் தொடங்கியது. தமிழ் இல்லை, பிரெஞ்சும் இல்லை, வாத்தியம் ஒன்றும் இல்லை. குரல் நடுங்கியது. சுருதி நடுங்கவில்லை. வந்த அவசரத்தில் அவருடைய ஒலிவாங்கியை மூடாமல் வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கொத்துரொட்டிக் கடையில் தகரம் அடிக்கிற சத்தம் நின்றது. கடை கடையாக, கொஞ்சம் முந்தியும் கொஞ்சம் பிந்தியும், அந்தக் குரல் தெருவில் இறங்கியது.

திரும்பிப் போயிருக்கலாம். நான் என் வீடு இருக்கிற மார்க்ஸ் டோர்மோய் பக்கம் நடந்தேன்.

2

அந்த நிகழ்ச்சியை ஊரிலிருந்தும் பலர் கேட்டிருக்கிறார்கள். சுன்னாகத்தில் ரயர் கடை வைத்திருக்கும் என் தம்பி, சனிக்கிழமைகளில் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் என் குரலைப் போட்டுக் காட்டுகிறவன். அவன் போன் எடுத்துக் கேட்டான்: “அண்ணை, அந்தப் பெட்டை லைன்ல வந்து பிரெஞ்சில என்ன கேட்டவ? ஏன் உடனை பாட்டைப் போட்டனீங்கள்?”

“லைன் பிழைச்சுப் போச்சு” என்றேன்.

லைன் பிழைக்கவில்லை. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு அன்றே விஷயம் விளங்கிவிட்டது. ஊரில் கேட்டவர்களுக்கு இன்னும் தெரியாது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பெட்டை அவனுடைய பெறாமகள், அதாவது என் மகள் என்பதையும் அவனுக்கு நான் சொல்லவில்லை. குரலை வைத்து அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் ஊருக்குக் கடைசியாகப் போனபோது பால்பல்லு விழுந்திருந்தது.

என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. அதன் பிறகு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் வேலை. தென்னையில் ஏறிக் குழாய் கட்டுவேன். கோயில் திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளைப் பற்றி அறிவிப்பது முதலாளிக்கு அலுப்பு. அதை என்னிடம் தள்ளிவிட்டார். சிவப்புச் சட்டை, மூன்று வயது, தேர்முட்டிக்குப் பக்கத்தில் என்று சொன்னால் போதும். நானோ, “அம்மா அம்மா என்று அழுதழுது தொண்டை அடைத்த நிலையில்” என்று சேர்ப்பேன். பிள்ளை என் மடியில் இருந்து ஐஸ்பழம் சூப்பிக்கொண்டிருக்கும். தாய் தலைவிரி கோலமாக ஓடி வருவாள். சேர்த்துச் சொன்னால்தான் சனம் ஓடி வரும் என்று அப்போதே மனதில் பதிந்துவிட்டது.

பிறகு கொழும்பு, மொஸ்கோ, உக்ரேனில் ஏஜென்சிக்காரன் வெளியில் பூட்டிவைத்த ஓர் அறையில் ஒரு குளிர்காலம், ஜெர்மனி, சுவிஸ், தக்காளி பிடுங்க இத்தாலி. ஓரிடத்தில் ஒரு வருடம் இருந்தால் கால் அரிக்கும். பாரிஸில் தங்கியது, கல்யாணம் செய்ததாலும் மகள் பிறந்ததாலும். கல்யாணம் நிலைக்கவில்லை. மகள் அபிராமி தாயோடு பாரிஸுக்கு வெளியே செவ்ரானில் இருக்கிறாள். அங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திப்போம். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். கொஞ்சக் காலமாக இரண்டு ஞாயிற்றுக்கு ஒரு முறை என்று ஆகியிருந்தது.

என் வேலை ஒரு பிரசரியின், அதாவது பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடையின், பின்பக்கக் குசினியில் கோப்பை கழுவுவது. ஊரில் சொல்லி வைத்திருப்பது அறிவிப்பாளர் என்று. சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் சம்பளமில்லாமல் நேயர் விருப்பம் செய்கிறேன். ஆகையால் அது முழுப் பொய்யும் இல்லை.

இன்னொரு வேலையும் உண்டு. பிரெஞ்சு தெரியாதவர்களுக்குத் துணைக்குப் போய்க் கதைத்துக் கொடுப்பது. விசாக் கந்தோரான பிரிபெக்சர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். என் பிரெஞ்சு குசினியில் பொறுக்கியது. ஆனால் கூச்சமில்லாமல் கதைப்பேன். ஒரு முறை மன்னார்க்காரர் ஒருவரை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். “எங்கை நோகுது?” என்று கேட்டதற்கு அவர், “சும்மா, முதுகில கொஞ்சம்” என்றார். “இரவில் தூங்குவதே இல்லை, பிள்ளைகளைத் தூக்கக்கூட முடியவில்லை, தனியே இருந்து அழுகிறார்” என்று நான் மொழிபெயர்த்தேன். அன்றைக்கே ஸ்கானுக்கு எழுதித் தந்தார்கள். வெளியே வந்ததும் அவர், “தம்பி, நான் அவ்வளவு சொல்லேல்லையே” என்றார். “நீங்கள் சொன்னது காணாது அண்ணை” என்றேன். கோப்பி வாங்கித் தந்தார். லாச்சப்பலில் இப்படிக் கதைத்துக் கொடுக்கிற எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் வெறும் உண்மைக்கு அசையமாட்டான் என்பது எங்கள் எல்லோருடைய அனுபவம்.

3

மதாம் நான்சி நான் இருக்கிற கட்டடத்தில் நாலாம் மாடி. நான் ஆறாம் மாடியில் கூரைக்கடியில். லிப்ட் வேலை செய்கிற நாட்கள் குறைவு. அவருடைய காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது என் பாட்டில் எதையோ முணுமுணுத்திருக்கிறேன். மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, “முசியே, உங்களுக்குச் சுருதி பிசகுவதில்லை” என்றார். பிரான்சுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

பிறந்தது கனடாவில் வினிபெக். தாய் தகப்பன் உக்ரேனிலிருந்து கோதுமை விதைக்கப் போனவர்கள். வீட்டில் அவர் பெயர் நாடியா. பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே உள்ளூர் வானொலியில் பாடப் போனார். தானிய விலை வாசித்து முடித்ததும் ஒரு பாட்டு, கால்நடை விலை வாசிக்கும் முன் ஒரு பாட்டு. நிலையத்தார் நாடியாவை நான்சி ஆக்கினார்கள். ஐம்பதுகளில் ஓர் இசைக்குழுவோடு மூன்று மாதத்துக்கென்று கப்பலேறியவர், திரும்பிப் போகவில்லை. இரவு விடுதிகளில் பாடினார். பிறகு பாரிஸில் ஒரு வானொலி, ஊரை விட்டு வந்திருக்கும் வெளிநாட்டுக்காரருக்காக அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றை அவருக்குக் கொடுத்தது. ஒரு பியானோக்காரர், ஒரு கட்டுக் கடிதங்கள், இவர். கடிதம் எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊரில் அன்றைக்கு மழையா வெயிலா என்று விசாரித்துச் சொல்லிவிட்டுத்தான் பாட்டைத் தொடங்குவாராம். பத்துப் பன்னிரண்டு வருடம் அது ஓடியிருக்கிறது. ஒரு நிகழ்ச்சிகூடப் பதிவாக இல்லை. எல்லாம் நேரடி. காற்றில் போனது போனதுதான்.

“பிறகு என்ன நடந்தது?” என்று கேட்டேன்.

“இசைத்தட்டு மலிந்தது. பாடுகிற ஆளை வைத்திருப்பதை விட அது வசதி” என்றார்.

வருடத்துக்கு ஒரு முறை அவர் மாநகரசபை அலுவலகமான மெரிக்குப் போகவேண்டும். கனடாவில் தகப்பன் எடுத்துவிட்ட ஒரு காப்புறுதியிலிருந்து அவருக்குச் சிறு தொகை வருகிறது. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று மாநகரசபை முத்திரை குத்தி அனுப்பினால்தான் அடுத்த வருடத்துக்கும் வரும். இந்த முறை நான் துணைக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அடையாள அட்டையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், குத்தினாள். வெளியே வந்து வாங்கில் இருந்தபோது, மதாம் அந்தக் காகிதத்தை ஆட்டிக் காட்டினார்.

“நான் உயிரோடு இருப்பது ஒரு காப்புறுதிக்காரனுக்குத் தெரிகிறது. ஒல்காவுக்குத் தெரியாது.”

ஒல்கா அவருடைய தங்கை. இவர் அனுப்பிய கடிதங்கள், ஆள் இடம் மாறிவிட்டதாகத் திரும்பி வந்துவிட்டன. சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக விரும்பவில்லை என்றார். எங்கள் வானொலியைக் கனடாவிலும் கேட்பார்கள் என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன்.

“வினிபெக்கிலுமா?”

ஸ்டூடியோ இருக்கிற மளிகைக் கடையின் முதலாளி யோகன் அண்ணையிடம் போய்க் கேட்டேன். வானொலியும் அவருடையதுதான். “கனடாவில எங்கட சனம் இல்லாத இடம் எது? பனிக்குள்ள வெட்டிப் பாத்தாலும் ஒரு யாழ்ப்பாணத்தான் இருப்பான். கூட்டிக்கொண்டு வா” என்றார். வானொலியின் ஆண்டு நிறைவு வாரம். விருந்தினர் ஒருவர் தேவைப்பட்ட நேரம்.

4

மதாம் நீலச் சட்டை போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசி வந்தார். ஒலிவாங்கியைத் தொடாமலே அதற்கும் தனக்கும் இடையிலிருந்த தூரத்தைக் கண்ணால் அளந்து, கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். அவர் பிரெஞ்சில் சொல்ல நான் தமிழில் சொல்லவேண்டும்.

தொடக்கத்திலேயே நான் கூட்டத் தொடங்கிவிட்டேன். உள்ளூர் வானொலி, “கனடாவின் தேசிய மேடை” ஆனது. இரவு விடுதி, “பாரிஸின் பெரும் அரங்கு” ஆனது. திரையில் நேயர்கள் எழுதுவது ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்காபரோவிலிருந்து, லண்டனிலிருந்து, லெ பிளாங்-மெனிலிலிருந்து வாழ்த்துகள், கூப்பிய கைகள். “இப்படி ஒரு பெரிய கலைஞரைக் கொண்டுவந்த அறிவிப்பாளருக்கு நன்றி” என்று ஒருவர் எழுதினார். அதை இரண்டு தரம் வாசித்தேன்.

பிறகு மதாம் அந்த விஷயத்துக்கு வந்தார். அவர் சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல் இப்போது எழுதுகிறேன்.

நிகழ்ச்சி நின்ற பிறகு அவருக்கு வேலை இல்லை. ஒரு பெரிய கடையின் கீழ்த்தளத்தில், உருளைக்கிழங்குத் தோல் சீவுகிற கருவியைச் சீவிக் காட்டி விற்கிற வேலை கிடைத்தது. மேசைக்கு முன் சனம் கூடும். இவர் வானொலிக் குரலில் பேசிக்கொண்டே சீவுவார். வீட்டுக்கு எழுதுகிற கடிதங்களில் நிகழ்ச்சி இன்னும் நடப்பதாகவே எழுதினார். புதிதாக என்னென்ன பாட்டுப் பாடினேன் என்றுகூட எழுதினார். ஒருநாள் கூட்டத்தில் ஒல்கா நின்றாள். அக்காவுக்குச் சொல்லாமல், அதிசயப்படுத்தலாம் என்று கனடாவிலிருந்து வந்திருக்கிறாள். ஒல்கா இவரைப் பார்த்தாள். இவர் ஒல்காவைப் பார்த்தார். பேச்சை நிறுத்தவில்லை. கையில் இருந்த கிழங்கைச் சீவி முடித்தார். நிமிர்ந்தபோது ஒல்கா திரும்பி நடந்துகொண்டிருந்தாள். அதன் பிறகு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

“ஒல்கா, நான் உன்னைக் கண்டேன்” என்றார் ஒலிவாங்கியில். “நீ நான் காணவில்லை என்று நினைத்திருக்கலாம். கண்டேன். கூப்பிடவில்லை. இப்போதும் அதே பாரிஸில்தான் இருக்கிறேன். இதை யாராவது அவளிடம் சொல்லுங்கள்.”

என் முறை வந்தது.

கூப்பிய கைகள் திரையில் ஏறிக்கொண்டிருந்தன. கனடாவின் தேசிய மேடையிலிருந்து பாரிஸின் பெரும் அரங்குக்குக் கொண்டுவந்த ஒருவரை, உருளைக்கிழங்குக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த எனக்கு வாய் வரவில்லை. எங்கள் சனம் என்ன சொல்லும்? அவருடைய மரியாதையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். வாயைத் திறந்தபோது அரங்கு தீப்பிடித்தது. அக்காவின் பாட்டைக் கேட்கவென்று கடல் கடந்து வந்த தங்கை முதல் வரிசையில் இருந்தாள். அக்கா தப்பினாள், தங்கை தப்பவில்லை. அன்றோடு அந்தக் குயில் பாடுவதை நிறுத்திவிட்டது. என் குரல் எனக்கே தழுதழுத்தது.

திரையில் அழுகிற முகங்கள் பொழிந்தன. ஆழ்ந்த அனுதாபங்கள் என்று எழுதினார்கள். கனடாவிலிருந்துதான் கூடுதலாக.

மதாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வந்ததே ஒல்கா கேட்கவேண்டும் என்பதற்காக. அந்த ஒல்காவைத்தான் நான் எரித்திருந்தேன். அது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. நிகழ்ச்சி நன்றாகப் போகிறது என்ற நினைப்பில் நேயர் அழைப்பைத் திறந்தேன்.

“வணக்கம், இணைப்பில் யார்?”

“பொன்ஸூர்.”

அபிராமி. என் நிகழ்ச்சிக்கு அவள் ஒருநாளும் எடுத்ததில்லை. என் மகள் கேட்கிறாள் என்ற சந்தோஷம், அவள் அடுத்த சொல்லைச் சொல்லும் வரைக்கும் இருந்தது.

“மதாமோடு கதைக்கவேண்டும்” என்று பிரெஞ்சில் தொடர்ந்தாள். “மதாம், மன்னியுங்கள். உங்கள் தங்கை தீயில் இறந்துவிட்டாரா?”

மதாம் ஒலிவாங்கிக்குக் கிட்ட வந்தார். “தீயா? எந்தத் தீ? என் தங்கை சாகவில்லை. யார் சொன்னது?”

“மொழிபெயர்க்கிற முசியே சொன்னார்.”

அப்பா என்று அவள் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றச் சொல்லாமல் விட்டாளா, தன்னைக் காப்பாற்றவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கைக்குக் கிடைத்த பாட்டைத் தட்டிவிட்டு எழும்பினேன்.

5

கட்டடத்தின் கீழ்ப்படியில் இருந்தேன். லிப்டில், வேலை செய்யாது என்கிற வழக்கமான காகிதம் ஒட்டியிருந்தது. யோகன் அண்ணை மதாமைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆள் வழக்கத்தில் பொரிந்து தள்ளுகிறவர். என்னைக் கண்டதும் அடங்கிய குரலில்தான் கதைத்தார்.

“கடையை அப்பிடியே போட்டிட்டுக் கீழை ஓடினனான். பாத்தா அவ கண்ணை மூடிக்கொண்டு பாடுறா. நிப்பாட்ட மனம் வரேல்லையடா. முடியுமட்டும் படியில நிண்டனான்.” பிறகு, “வயசு போன மனிசியை விட்டிட்டு வர உனக்கு எப்பிடி மனம் வந்தது?” என்றார். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

மதாமின் பையை வாங்கினேன். தந்தார். முதல் மாடிக்கு ஏறினோம்.

“ஒலிவாங்கியைத் திறந்து விட்டுப் போனீர்கள்” என்றார். “அது ஒன்றுதான் நீங்கள் இன்றைக்குச் செய்த சரியான வேலை.”

“உக்ரேன் பாட்டா?” என்று கேட்டேன். பூட்டிய அறையில் இருந்த குளிர்காலத்தில், பக்கத்து வீட்டிலிருந்து அந்த மொழி சுவர் வழியாக வரும்.

“அம்மா எங்களைத் தூங்க வைக்கிற பாட்டு. ஒல்கா கேட்டால் தெரிந்துகொள்வாள். கேட்டால்.” மூன்றாம் மாடியில் வழக்கமான இடத்தில் நின்றார். “நான் சொன்னதை விட நீங்கள் சொன்னது நீளமாக இருந்தது. அப்போதே தெரியும். என்ன சொன்னீர்கள்?”

சொன்னேன். அரங்கு, தீ, முதல் வரிசை, குயில். பிரெஞ்சில் சொல்லும்போது ஒவ்வொன்றும் கேவலமாக இருந்தது.

“உருளைக்கிழங்கைப் பற்றி?”

“சொல்லவில்லை.”

“ஏன்?”

பையை மற்றக் கைக்கு மாற்றினேன். அவரே சொன்னார்: “உங்களுக்கு என்னை நினைத்து வெட்கமாக இருந்தது.”

“ஓம்” என்றேன், தமிழிலேயே. அவருக்கு விளங்கியது.

“முசியே, நீங்கள் கோப்பை கழுவுகிறீர்கள்.”

“ஓம்.”

“அந்தக் கருவியை நான் நன்றாக விற்றேன். அங்கே என்னை விட யாரும் விற்கவில்லை. அதை நினைத்து நான் வெட்கப்படவில்லை. ஒல்காவைக் கூப்பிடாமல் விட்டதற்குத்தான் இத்தனை வருடமும்.” நாலாம் மாடிக்கு ஏறிக் கதவுச் சாவியைத் தேடினார். “உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு அந்தக் கதிரையில் இருந்தேன். எனக்கு அது பழக்கமான காட்சி. நாளைக்கு, நான் சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கள். அழகாக வேண்டாம்.”

கதவைச் சாத்தினார். நான் ஆறாம் மாடிக்கு ஏறவில்லை. அந்தப் படியிலேயே இருந்தபோது அபிராமி போன் எடுத்தாள்.

“பப்பா, சரியா இருக்கிறாயா?” என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டு, தமிழுக்கு வந்தாள். அவளுடைய தமிழ் கல்லில் நடக்கிற மாதிரி வரும். “நான் ஒவ்வொரு சனியும் கேக்கிறனான். ஒரு காதில போட்டுக்கொண்டு மருந்து குடுப்பன்.”

“எனக்குச் சொல்லேல்லையே பிள்ளை.”

“சொன்னா நீங்கள் என்ரை பேரை வானொலியில சொல்லுவீங்கள். கூட்டிச் சொல்லுவீங்கள். மருந்துக்கடையை ஆஸ்பத்திரி ஆக்குவீங்கள்.” பிறகு சொன்னாள்: “நீங்கள் கூட்டுறது எனக்கு எப்பவும் தெரியும் அப்பா. எனக்குச் சிரிப்பா இருக்கும். இண்டைக்குச் சிரிப்பு வரேல்லை.”

“விளங்குது” என்றேன்.

“மதாம் சொன்னதை உங்களுக்குத் திருப்பிச் சொல்லட்டே? உங்களுக்கு எல்லாம் விளங்கினதோ?”

எல்லாம் விளங்கியிருந்தது. இந்த முறை மொழி என்னைக் கைவிடவில்லை. அதையும் அவளிடம் சொன்னேன். அதுதான் சொல்லக் கூடுதலாகக் கூசியது. தெரியாமல் பிழைவிட்டேன் என்று சொல்ல ஓர் இடம் வைத்துத் தந்தாள். அதை எடுத்துக்கொள்ள அன்றைக்கு முடியவில்லை.

இதை எழுதுகிற நாள் வரைக்கும் வினிபெக்கிலிருந்து அழைப்பு ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்கம் வாசிக்கிறவர்கள் இருந்தால், ஒல்கா என்ற பெயரில் வயதான உக்ரேன் அம்மா ஒருவர் உங்கள் தெருவில் இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். கோதுமை வயல் வீட்டில் வளர்ந்தவர். நாடியா என்ற அக்கா இருந்தவர்.

6

மறுநாள் காலையில் யோகன் அண்ணை வாழைக்காய்ப் பெட்டி உடைத்துக்கொண்டிருந்தார். வணக்கம் சொன்னேன், அவர் நிமிரவில்லை. ஹெட்போனை மேசையில் வைத்தேன். வயரைச் சுற்றி வைத்திருந்தேன்.

“சனிக்கிழமை நிகழ்ச்சி இனி உனக்கில்லை” என்றார்.

“தெரியும் அண்ணை. மதாம் சொன்னதை ஒருக்கால் சரியாச் சொல்லவேணும். அதுக்கு மட்டும் விடுங்கோ.”

“எந்த நேரத்தில விடுறது? காலமை பக்திப்பாட்டு. அதுக்குப் பிறகு மரண அறிவித்தல். அதுக்கும் இப்ப ஆளில்லை.”

“வாசிச்சவர் எங்கை?”

“அவரே போன கிழமை அறிவித்தலுக்குள்ள போயிட்டார். உனக்குத் தெரியாதே? நான்தான் வாசிச்சனான், நாக்கு உருளேல்லை.”

மரண அறிவித்தல் வாசிக்க எங்கள் வானொலியில் யாரும் முன்வருவதில்லை. அந்தக் குரலைப் பிறகு கல்யாண வீட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள். என்னையும் முன்பு இரண்டு தரம் கேட்டார்கள், எனக்கு இருமல் என்று சொல்லித் தப்பினேன். அந்த வேலைக்கு ஒரேயொரு விதி. வீட்டுக்காரர் எழுதித் தந்ததற்கு மேல் ஒரு சொல் கூடக் கூடாது. ஒரு மருமகனின் பெயர் தவறினாலும், இல்லாத பட்டம் ஒன்று சேர்ந்தாலும், அன்றைக்கே சண்டைக்கு வருவார்கள்.

“நான் வாசிக்கிறன்” என்றேன்.

யோகன் அண்ணை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். “நீயோ? நீ செத்தவனை எழுப்பிப் பாட விட்டிடுவாய்.”

“எழுதினதை மட்டும் வாசிப்பன். ஒவ்வொரு நாளும் வாறன்.”

வாழைக்காய்ச் சீப்பைத் தராசில் வைத்தார். எடுத்தார். “மூண்டு வந்திருக்கு. மேசையில கிடக்கு. போ.”

கீழே மதாமின் கதிரை அவர் பின்னுக்கு இழுத்த இடத்திலேயே இருந்தது. அதை நகர்த்தாமல் பக்கத்தில் வேறொன்றைப் போட்டு இருந்தேன். அறிவித்தல் மூன்றையும் வாசித்துப் பார்த்தேன். நாலாவதை நான் எழுதினேன். எனக்குத் தெரிந்த வடிவம் அது ஒன்றுதான். எழுதி மேலே கொண்டுபோய்க் காட்டினேன்.

“உயிரோட இருக்கிற ஆளுக்கு அன்னார் எண்டு போடலாமோ?” என்றார் யோகன் அண்ணை.

“வேறை மாதிரி எழுதினா நான் கூட்டிப்போடுவன் அண்ணை.”

அவர் தாளைத் திருப்பித் தந்தார்.

பக்திப்பாட்டு முடிந்தது. மூன்றையும் வாசித்தேன். நாலாவதை எடுத்தேன்.

“கனடா வினிபெக்கைப் பிறப்பிடமாகவும், பாரிஸ் மார்க்ஸ் டோர்மோயை வதிவிடமாகவும் கொண்ட நாடியா என்கிற நான்சி அவர்கள் உயிருடன் இருக்கிறார். அன்னார் ஒல்காவின் அன்பு அக்கா. வானொலியில் பாடியவர். அது நின்ற பின் கடையொன்றில் உருளைக்கிழங்குத் தோல் சீவும் கருவி விற்றவர். அங்கே வந்த ஒல்காவைக் கண்டவர். கூப்பிடாமல் விட்டவர். தங்கை தீயில் இறந்ததாக இந்த வானொலியில் நேற்றுச் சொன்னது பொய். சொன்னவர் இதை வாசிப்பவர். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஒல்காவிடம் சேர்ப்பிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.”

எங்கள் வழக்கப்படி எந்த அறிவித்தலையும் இரண்டு தரம் வாசிக்கவேண்டும். தாளை நேராக்கிக்கொண்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.